இங்க்ஸ்கேப்: பிரஷ் பிடித்த கைக்கு வளைவு பழக்கிய மென்பொருள்

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளை ஒட்டி ஒரு சின்ன ரேடியம் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் இருபது வருடம் லாரிகளில் எழுத்து வேலை. கேபின் தலையில் சாமி பெயர், கதவில் ஓனர் பெயர், பின்கதவில் ஒரு பூவோ மயிலோ, எல்லாமே எனாமல் பெயிண்டும் பிரஷும்தான். வினைல் வந்த பிறகு பிரஷ் வேலை குறைந்துபோனதால் கட்டிங் மெஷின் வாங்கினேன். மெஷின் கத்தி போகவேண்டிய கோட்டை நாம்தான் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்க வேண்டும் என்பது அப்புறம்தான் உறைத்தது.

முதல் இரண்டு வருடம் கிடைத்த எழுத்துருவில் டைப் அடித்து வெட்டியே ஓட்டினேன். லோகோ, படம் என்று வந்தால் வெளியே காசு கொடுத்து வரைந்து வாங்குவேன். போன ஆடி மாதம் ஒரு தம்பி புது வண்டியோடு வந்தார்.

"அண்ணா, கண்ணாடிக்கு மேல 'முருகன் துணை'ன்னு வேணுங்க. ஆனா அந்த ணை மட்டும் எங்கப்பா வண்டில இருந்த மாதிரியே வேணுங்க" என்று சொல்லி, போனில் ஒரு பழைய படத்தைக் காட்டினார்.

படத்தில் இருந்தது பழைய ணை. இப்போது நாம் எழுதுவது போல முன்னால் ஒரு இரட்டைச் சுழி தனியாக நிற்காது. மூன்று சுழி ண-வின் தலையோடு சேர்ந்தே யானைத் துதிக்கை போல ஒரு வளைவு எழும்பித் திரும்பும். ணை, லை, ளை, னை நான்குக்கும் அப்படித்தான் இருந்தது. பெரியார் 1930களிலேயே தம் இதழ்களில் கொண்டுவந்த சீர்திருத்தத்தை 1978இல் தமிழக அரசு ஏற்று ஆணை போட்டது. அதன் பிறகு பாடப் புத்தகத்திலும் பத்திரிகையிலும் துதிக்கை மெல்ல மறைந்தது. ஆனால் 1991இல் நான் எடுபிடியாகச் சேர்ந்தபோதும் எங்கள் வாத்தியார் லாரியில் அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தார். பிரஷைக் கொடுத்தால் இன்றைக்கும் என்னால் எழுத முடியும். ஆனால் தம்பிக்கு வேண்டியது ரேடியத்தில், இரவில் மின்ன வேண்டும். என்னிடம் இருந்த எழுத்துருக்கள் எதிலும் அந்த எழுத்து இல்லை. சரி, நானே வரைந்துவிடுவது என்று முடிவு செய்தேன். அப்படித்தான் இங்க்ஸ்கேப் என்ற படம் வரையும் மென்பொருள் என் லேப்டாப்புக்குள் வந்தது.

இது காசில்லாத மென்பொருள். சில நாளுக்குப் பிறகு பணம் கேட்கும் சோதனைப் பதிப்பு கிடையாது. முழுக்க இலவசம், கடை வேலைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். 2003இல் சோடிபோடி என்ற இன்னொரு மென்பொருளிலிருந்து பிரிந்து தொடங்கியது. 1.0 என்ற எண்ணைத் தொட 2020 வரை ஆனது. நான் வைத்திருப்பது 2024 அக்டோபரில் வந்த 1.4. நான்கு ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்பில் என் வேலைக்குத் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. மாதச் சந்தா கட்டும் மென்பொருள்களில் இதைவிட வசதிகள் இருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் பழகும் காலத்தில், வருமானம் வருமா என்றே தெரியாத ஒரு வேலைக்கு மாதாமாதம் பணம் கட்டும் கவலை இல்லாமல் உட்கார முடிந்தது எனக்குப் பெரிய விஷயம்.

புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போனில் எடுக்கும் படம் புள்ளிகளால் ஆனது, பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகத் தெரியும். இங்க்ஸ்கேப்பில் வரைவது வெக்டர், அது கோட்டின் கணக்கு. இங்கே தொடங்கு, இந்தத் திசையில் கிளம்பு, அங்கே இந்தத் திசையிலிருந்து வந்து சேர் என்று மட்டும் ஃபைலில் இருக்கும். விரலளவு எழுத்தை லாரி அகலத்துக்கு இழுத்தாலும் ஓரம் கெடாது. கட்டிங் மெஷினுக்கும் அந்தக் கோடுதான் சாப்பாடு. தொடங்கும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் பெயர் நோடு. கிளம்பும் திசையைக் காட்டும் குச்சிக்குப் பெயர் ஹேண்டில். இந்த வளைவுக் கணக்கை 1960களில் பரவலாக்கியவர் பியேர் பெசியே, ரெனோ கார் கம்பெனியின் எஞ்சினியர். அதற்குச் சற்று முன்பே சிட்ரோயன் கம்பெனியில் பால் தெ காஸ்தெல்ஜோ அதே கணக்கைக் கண்டுபிடித்திருந்தார். கார் பாடியின் வளைவைச் சரியாகச் சொல்லத்தான் இருவரும் இதில் இறங்கினார்கள். வண்டி பாடிக்காகப் பிறந்த கணக்கு என்று தெரிந்ததும் எனக்கு இதன் மேல் ஒரு சொந்தம் வந்துவிட்டது.

முதல் வாரம் பென்சில் டூலிலேயே போனது. பிரஷ் பிடித்த கைதானே, மவுஸைப் பிடித்து இழுத்தால் வராதா என்று நினைத்தேன். வரவில்லை. மவுஸ் மணிக்கட்டில் நகரும் பொருள். பிரஷ் வேலை தோளிலிருந்து வருவது. ஒரு ண-வுக்கு 61 நோடு விழுந்திருந்தது, கோடு முழுக்க நடுக்கம். பென்சில் டூலுக்கு மேலே ஸ்மூத்திங் என்று ஒரு அளவு இருக்கிறது, கூட்டினால் நடுக்கம் குறையும். கன்ட்ரோலும் எல்-லும் சேர்த்து அழுத்தினால் சிம்ப்ளிஃபை என்ற கட்டளை வேலை செய்து, ஒவ்வொரு அழுத்தலுக்கும் நோடைக் குறைத்துக்கொண்டே போகும். ஆனால் அதற்கு எது நடுக்கம், எது எழுத்தின் முனை என்று தெரியாது. நாலாவது அழுத்தலில் ண-வின் கால் மழுங்கிவிடும். ஒருமுறை அழுத்தி நிறுத்திக்கொண்டால் நல்ல கருவி, அதற்கு மேல் எழுத்து போய்விடும்.

அடுத்து, எல்லாரும் செய்வதைச் செய்தேன். எனாமலில் ணை எழுதி, படம் எடுத்து, படத்தைத் தானாகவே கோடாக மாற்றும் டிரேஸ் பிட்மேப்பில் கொடுத்தேன். போட்ரேஸ் என்ற எஞ்சின் உள்ளே இருந்து வேலை செய்கிறது. ஒரு நொடியில் எழுத்து வந்து நின்றது, திரையில் பார்க்க அசலாக இருந்தது. நோடு டூலை எடுத்து எழுத்தின் மேல் வைத்து எண்ணிக்கையைப் பார்த்தேன். 214. இருக்கட்டும் என்று மெஷினுக்கு அனுப்பினேன். நல்ல வளைவில் கத்தி வழுக்கிக்கொண்டு போகும், சத்தம் ஒரே சீராக இருக்கும். இதில் ஒவ்வொரு நோடுக்கும் தயங்கி, டிக் டிக் டிக் என்று போனது. உரித்துப் பார்த்தால் சுழியின் ஓரத்தில் ரம்பப் பல். பிரஷ் மயிர் விலகிய இடம், பெயிண்ட் லேசாகப் பரவிய இடம், பலகையின் சொரசொரப்பு எல்லாவற்றையும் டிரேஸ் விசுவாசமாக எடுத்துக் கொடுத்திருந்தது. அசலைப் படத்தில் உள்ளபடியே எடுப்பதுதான் அதன் வேலை, அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது. வழவழப்பான கோடு வேண்டுமென்றால் அந்த வழி ஆகாது.

பத்து நாள் கழித்துத்தான் ஹெல்ப் மெனுவுக்குள் டுடோரியல்கள் இருப்பதைப் பார்த்தேன். இங்க்ஸ்கேப்பில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயங்களில் இது ஒன்று. பாடமே ஒரு வரைபட ஃபைலாகத் திறக்கிறது. படித்துக்கொண்டிருக்கும் பக்கத்திலேயே அவர்கள் வரைந்த வடிவத்தைப் பிடித்து இழுக்கலாம், கெடுக்கலாம், மூடிவிட்டு மறுபடி திறக்கலாம். ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. பத்தாவது படிக்கும் என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகச் சொல்லிக் கொடுத்தாள். "அப்பா, கோட்டை இழுக்காதீங்க, ஹேண்டிலை இழுங்க" என்று அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. பிரவுசரில் 'பெசியே கேம்' என்று ஒரு இலவச விளையாட்டும் உண்டு. கொடுத்த வடிவத்தைக் குறிப்பிட்ட நோடுகளுக்குள் வரைந்து முடிக்க வேண்டும். இங்க்ஸ்கேப்பைத் திறப்பதற்கு முன்னால் ஒரு மணி நேரம் அதை ஆடிவிட்டு வந்தால் பாதி பயம் போய்விடும்.

எனக்குக் கண் திறந்தது ஒரு வட்டத்தில்தான். வட்டம் போடும் டூலில் 100 மில்லிமீட்டர் ஆரத்துக்கு ஒரு வட்டம் போட்டு, அதை நோடு உள்ள கோடாக மாற்றும் ஆப்ஜெக்ட் டு பாத் கட்டளையைக் கொடுத்து, நோடு டூலால் தொட்டுப் பார்த்தேன். நாலே நாலு நோடு. மேலே ஒன்று, கீழே ஒன்று, இடமும் வலமும் ஒவ்வொன்று. மேலும் கீழும் உள்ளவற்றின் ஹேண்டில் படுக்கையாக, பக்கங்களில் உள்ளவற்றுக்கு நெட்டாக, ஒவ்வொன்றும் சுமார் 55 மில்லிமீட்டர். ஆரத்தில் பாதிக்குக் கொஞ்சம் கூட. அவ்வளவுதான் வட்டம்.

நாங்கள் பிரஷில் வட்டத்தை இரண்டு இழுப்பில் போடுவோம். உச்சியில் வைத்து இடப்பக்கமாக ஒரு இழுப்பு, மறுபடி உச்சியில் வைத்து வலப்பக்கமாக ஒரு இழுப்பு, அடியில் இரண்டும் சேரும். பிரஷ் திசை மாறும் இடம் அந்த நாலும்தான். "ஓரத்துக்குப் போய்த்தான் திரும்பணும், நடுவழியில திரும்பாதே" என்று வாத்தியார் சொல்லுவார். நோடு வைக்க வேண்டிய இடமும் அதுவேதான். வளைவின் நட்டநடுவில் நோடு வைத்தால் அங்கே ஒரு புடைப்பு வரும். உச்சியில், அடியில், பக்கவாட்டில் வைத்துவிட்டு நடுவை ஹேண்டிலிடம் விட்டுவிட வேண்டும். கை ஆடாமல் இருப்பதால் கோடு வழவழப்பாக வருவதில்லை, நோடு குறைவாக, சரியான இடத்தில் இருப்பதால் வருகிறது. இது தெரிந்த அன்று ராத்திரி கடையை மூடவே மனசு வரவில்லை.

அதன் பிறகு ண எப்படி வந்தது என்று சொல்கிறேன். எனாமலில் எழுதிய படத்தை அடியில் ஒரு லேயரில், அதாவது ஒரு அடுக்கில் போட்டு, மங்கலாக்கிப் பூட்டு போட்டுவிட்டேன். மேலே புது லேயர். பென் டூலை எடுத்து, க்ளிக் செய்தபடியே இழுத்தால் நோடோடு ஹேண்டிலும் வரும். கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு இழுத்தால் ஹேண்டில் 15 பாகை கணக்கில் படிப்படியாகத் திரும்பும், அதனால் நேர் படுக்கை, நேர் நெட்டு தவறாது. முதல் சுழியின் இடது ஓரத்தில் நெட்டாக ஒன்று, உச்சியில் படுக்கையாக ஒன்று, வலது ஓரத்தில் ஒன்று, அடியில் ஒன்று. அடுத்த மேட்டுக்கும் அப்படியே, கடைசி மேட்டுக்கும் அப்படியே. முதல் சுற்றில் வடிவம் சுமாராகத்தான் வரும், அதைப் பற்றிக் கவலையே வேண்டாம். நோடு டூலுக்கு மாறி ஒவ்வொரு ஹேண்டிலாக நீட்டிக் குறைக்கும்போதுதான் எழுத்து உயிர் பிடிக்கிறது. ஒரு நோடைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்டும் எஸ்-ஸும் அழுத்தினால் இரண்டு பக்க ஹேண்டிலும் ஒரே நேர்கோட்டுக்கு வந்து வளைவு முறியாமல் ஓடும். ஷிஃப்டும் சி-யும் அழுத்தினால் அந்த இடம் முனையாகும். மேடு இறங்கி அடுத்த மேடு ஏறும் இடத்தில் முனை வேண்டும், மற்ற இடத்தில் எல்லாம் ஓட்டம் வேண்டும். தேவையில்லாத நோடை டிலீட் அடித்தால், மிச்சம் உள்ள நோடுகளை வைத்தே வடிவத்தை முடிந்தவரை காப்பாற்றித் தருகிறது. நான் நாள் முழுக்க அழுத்துவது அந்த டிலீட்டைத்தான்.

இன்னொரு பழக்கம். எங்கள் வாத்தியார் எழுத்தை முடித்ததும் லாரியின் பக்கக் கண்ணாடியைத் திருப்பி அதில் பார்ப்பார். இடவலம் மாறித் தெரியும்போது எழுத்து எழுத்தாகத் தெரியாது, வெறும் வளைவாகத் தெரியும். எங்கே உப்பியிருக்கிறது, எங்கே சப்பையாக இருக்கிறது என்று பளிச்சென்று சொல்லிவிடும். இங்க்ஸ்கேப்பில் எழுத்தைத் தேர்ந்தெடுத்து எச் அழுத்தினால் இடவலம் மாறும், வி அழுத்தினால் தலைகீழாகும். பார்த்துத் திருத்திவிட்டு மறுபடி அதே எழுத்தை அழுத்தித் திருப்பிக்கொள்கிறேன். நிறத்தை நீக்கி வெறும் கோட்டை மட்டும் காட்டும் அவுட்லைன் பார்வையும் இருக்கிறது, அதில் ஒளிந்திருக்கும் கூடுதல் நோடெல்லாம் மாட்டிக்கொள்ளும்.

நல்ல எழுத்துருவைப் பிரித்துப் பார்ப்பதும் நல்ல பாடம். நோட்டோ சான்ஸ் தமிழில் ஒரு எழுத்தை அடித்து, ஆப்ஜெக்ட் டு பாத் கொடுத்துப் பாருங்கள். உச்சியிலும் ஓரத்திலும் நோடு எவ்வளவு ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும். இதுபோன்ற டிடிஎஃப் வகை எழுத்துருக்களின் வளைவுக் கணக்கு வேறு மாதிரி என்பதால் நோடு கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். எண்ணிக்கையை விட்டுவிட்டு இடத்தை மட்டும் கவனிக்க வேண்டும்.

துதிக்கைதான் ஆட்டம் காட்டியது. அது வட்டமும் இல்லை, நேரும் இல்லை. போகப்போக இறுகும் வளைவு. பென் டூலில் ஸ்பைரோ என்று ஒரு முறை இருக்கிறது. ராஃப் லெவியன் என்பவர் எழுத்துரு வரைவதற்காகவே உருவாக்கிய வளைவு அது. ஹேண்டிலே இல்லை, புள்ளி புள்ளியாகத் தட்டிக்கொண்டு போனால் அதுவே ஓட்டத்தைப் பிடித்து வளைத்துக் கொடுக்கும். மூன்று தட்டில் துதிக்கை எழுந்து நின்றபோது எனக்குப் புல்லரித்தது. ஆனால் ஒரு புள்ளியைக் கொஞ்சம் தள்ளினால் மொத்த வளைவும் முறுக்கிக்கொண்டு எங்கோ போகும். தொடக்கக்காரருக்கு நான் சொல்வது, முதலில் சாதா பென் டூல் கை பழகட்டும், ஸ்பைரோவை அப்புறம் தொடுங்கள். கேலிகிராஃபி டூலும் இருக்கிறது, பென் டேப்லெட் இருந்தால் அழுத்தத்துக்கு ஏற்பக் கோடு தடிக்கும், மெலியும். கைக்குச் சுகமாக இருக்கிறது. ஆனால் நோடு எக்கச்சக்கமாக விழுகிறது, வெட்டுவதற்கு முன் நிறையத் துடைக்க வேண்டும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். 1.4 வரைக்கும் இது அச்சுக்குரிய நான்கு நிறக் கணக்கில் பிடிஎஃப் தராது, திரைக்கான நிறக் கணக்கில்தான் தரும். ஸ்டிக்கர் வெட்டுகிறவருக்குக் கவலையில்லை, கத்திக்கு நிறம் கிடையாது. ஃப்ளெக்ஸ், நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று அச்சுக்கு அனுப்புகிறவர்கள் நிறத்தை வேறொன்றில் மாற்றித்தான் கொடுக்க வேண்டும். தடித்த கோட்டை ஸ்ட்ரோக் டு பாத் கொடுத்து வடிவமாக்கும்போது கூடுதல் நோடு சேர்கிறது, அதையும் துடைக்க வேண்டும். பாக்ஸ் பாக்ஸாக இத்தனை வசதிகளை முதல் நாளே பார்த்தால் மலைப்பாக இருக்கும். தேர்வு டூல், நோடு டூல், பென் டூல் மூன்றையும் தவிர மற்றதைத் தொடாமல் ஒரு மாதம் ஓட்டலாம். அளவு விஷயத்திலும் கவனம் தேவை. இங்க்ஸ்கேப் ஒரு அங்குலத்துக்கு 96 பிக்சல் என்று கணக்கு வைக்கிறது, 0.92 பதிப்புக்கு முன்பு 90ஆக இருந்தது. வேறு மென்பொருளில் 72 என்று இருக்கலாம். டாகுமென்ட்டை மில்லிமீட்டரில் வைத்துக்கொண்டு, வெட்டும் மென்பொருளில் திறந்ததும் அகலத்தை ஒருமுறை சரிபார்க்காமல் கத்தியை இறக்காதீர்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏறும் எழுத்துகளை யூனியன் கொடுத்து ஒன்றாக்கவும் மறக்கக் கூடாது, இல்லாவிட்டால் கத்தி எழுத்தின் குறுக்கே ஓடும்.

ராத்திரி ஒன்பது மணிக்குக் கடையை அடைத்த பிறகு தினம் ஒரு மணி நேரம், மூன்று வாரம் ஆனது. துணை-01 என்று தொடங்கிய ஃபைல் துணை-19 வரை போனது. பத்தொன்பதாவதில் துதிக்கையோடு சேர்த்து ணை மொத்தத்துக்கும் 38 நோடு. கத்தி இறங்கியபோது மெஷின் பக்கத்திலேயே நின்றேன். சத்தம் ஒரே இழுப்பாக வந்தது. வேண்டாத ரேடியத்தை ஒரு மூலையில் பிடித்து உரித்தேன், சுழிக்குள் இருந்த துண்டெல்லாம் அறுபடாமல் சேர்ந்தே வந்தது. பிரஷை நீளமாக இழுத்து முடித்ததும் ஒரு மூச்சு வெளியே வருமே, அதே மூச்சு வந்தது.

தம்பி அன்று சாயங்காலமே வண்டியைக் கொண்டுவந்தார். ஒட்டி முடித்ததும் ஒன்றும் பேசாமல் போனை எடுத்து, அப்பா வண்டிப் படத்தைக் கண்ணாடிக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணா, ரொம்ப நல்லாருக்குங்க. அந்தத் தும்பிக்கை திரும்புற எடம் மட்டும் அப்பா வண்டில இன்னும் கொஞ்சம் பெருசா இருந்துதுங்க" என்றார்.

சரியாகத்தான் சொன்னார். இன்னொரு வண்டி தீபாவளிக்குள் வரப்போகிறது என்றார். அதற்கு மாற்றி வெட்டித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அந்தத் திருப்பத்தில் இருப்பது ஒரே ஒரு நோடு. ஹேண்டிலை ஐந்து மில்லிமீட்டர் நீட்டினால் போதும்.